மங்கிய முகவிளக்கு

இரவில் வழிச்செல்வார்க்குக் கண்ணினும் முற்பட்டது விளக்கு. கண் எத்துணைக் கூரியதாயினும் ஒளி இல்வழி அஃது உதவாது. இவ்வுண்மையை யாவரும் அறிவர். ஆயினும் தம் மோட்டார் வண்டியின் முகத்திலுள்ள விளக்குகள் நாளுக்கு நாள் ஒளி குன்றி வருவதை அறிந்தார் மிகச் சிலரே. ஒரே நாளில் அணைந்துபோன விளக்கை எவரும் கவனிப்பர்; ஆண்டுக்கணக்கிற் சிறிது சிறிதாக மங்கிய விளக்கையோ, அதனை நாள்தோறும் ஓட்டுபவரே கவனியார். இம் மங்கலுக்குக் காரணம் யாது, அதனை வீட்டிலேயே நீக்குமாறு எங்ஙனம், நீக்கியபின் அது மீளாதிருக்கச் செய்ய வேண்டுவது யாது என்னும் மூன்றனையும் எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை முன்வைத்து விளக்குதலே இக் கட்டுரையின் நோக்கமாகும். இலக்கணம் பயிலும் மாணவனுக்கு இயந்திரத்தின்கண் என்ன வேலை என்று நண்பர்கள் நகைத்தல் கூடும். உயிர்க்குத் துணையாவதொன்றை அறிந்தவன் அதனைச் சொல்லாதிருத்தல் முறையன்று என்பதே யான் கூறும் விடை.

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தின் வடபாகத்தில், ஆந்திர எல்லையை அடுத்துள்ளது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் முதலாகப் பல தொழிற்சாலைகள் இரவும் பகலும் ஓயாது நடைபெறுகின்றன. வேலையாட்கள் முறை மாறும் நேரங்களில், கம்பெனி வேன்கள் அவர்களைச் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து ஏற்றி வருவதும் மீண்டும் கொண்டுபோய் விடுவதுமாக இருக்கும். அத்தகைய வேன் ஒன்றை ஓட்டிப் பிழைப்பவர் என் சிற்றப்பா. பொன்னேரிப் பக்கத்து ஊர்களிலிருந்து புறப்பட்டு, கவரைப்பேட்டை வழியாக 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறித் தொழிற்பேட்டையை அடைவது அவர் அன்றாட வழி. முன்னர் 5-ஆம் எண் பெற்றிருந்த சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலை இதுவே. இரவு முழுதும் சரக்கு லாரிகள் இடையறாது செல்லும் இச் சாலையின் ஓரத்தில் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் வேலைக்குச் செல்வோரும் பலர்.

முந்தைய ஆண்டு ஐப்பசித் திங்களில் ஓர் இரவு, கவரைப்பேட்டையை அடுத்த கிளைச்சாலையில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சென்ற ஒரு முதியவர் சிற்றப்பாவின் வேனுக்கு முன்னே திடீரெனத் தோன்றினார். வேன் அவர் கைக்கெட்டும் தொலைவில் நின்றது. அவருக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. வேனில் இருந்தவர்கள் முன்னிருக்கையில் மோதிக்கொண்டதோடு தப்பினர். அன்றிரவு சிற்றப்பா உண்ணவில்லை. "தம்பி, அந்தப் பெரியவர் திடீரென்று வந்தவர் அல்லர், அங்கேதான் நடந்துகொண்டிருந்தார். என் கண்ணுக்குத்தான் அவர் தெரியவில்லை. ஐம்பது வயதாகிறது. இனி இரவு வண்டியை விட்டுவிட வேண்டியதுதான்" என்று அவர் என்னிடம் கூறினார். இரவு வண்டியை விடுவதென்றால் வருவாயிற் பாதியை விடுவதாகும். மறுவாரம் கண் மருத்துவரிடம் சென்றார். மருத்துவரோ, தொலைவுப் பார்வையிற் குறையில்லை என்று கூறி அனுப்பிவிட்டார். குறை கண்ணில் இல்லையாயின் வேறு எங்கே உள்ளது? இவ்வினாவிலிருந்தே எங்கள் ஆராய்ச்சி தொடங்கிற்று.

முதலிற் குமிழின்மேல் ஐயம் எழுந்தது. அவ்வேனில் உள்ளது எச்4 என்னும் வகைக் குமிழ். 12 வோல்ட்டு வண்டிகளில் அது நெடுங்கதிருக்கு 60 வாட்டும் குறுங்கதிருக்கு 55 வாட்டும் கொள்வது. சிற்றப்பா கடையில் விற்கும் 100 வாட்டுக் குமிழ் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். தமக்கு முன்னே சிறிதே வெளிச்சம் கூடியதாக அவருக்குத் தோன்றிற்று. ஆனால் எதிரே வருவோர் கண் கூசித் தம் விளக்கை மினுக்கிச் சினந்தனர். சில நாளிற் குமிழைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடி வெப்பத்தால் இளகிற்று. ஒளியைப் பெருக்கியும் வழி தெளியவில்லை. கூச்சம் மட்டுமே பெருகிற்று. இஃது ஏன் என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்கியது கார்த்திகையில். ஒரு நாள் யான் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பால்போல் வெளுத்தும் பழுப்பேறியும் கிடந்த முகவிளக்கின்மேல் நீரை ஊற்றினேன். ஊற்றிய அக்கணமே விளக்கு தெளிந்து, உள்ளே இருந்த குமிழ் நன்கு தெரிந்தது. நீர் வடிந்து உலர்ந்ததும் முன்போலவே மூடிக்கொண்டது. மீண்டும் ஊற்றினேன், மீண்டும் தெளிந்தது. நோய் விளக்கின் உள்ளே இல்லை, அதன் மேற்றோலிலே உள்ளது என்பதை அந்த ஒரு குவளை நீர் எனக்குக் காட்டிவிட்டது. ஒரு பரப்பில் நுண்ணிய கீறல்கள் நிறைந்திருந்தால், ஒளிக்கதிர்கள் அவற்றிற் பட்டு நேரே செல்லாமற் பலபக்கமும் சிதறும். நீர் அக் கீறல்களை நிரப்பும்போது பரப்பு சமமாவதால் சிதறல் குறைகிறது. வழி தெரியாமைக்கும் எதிரே வருவோர் கண் கூசியமைக்கும் காரணம் ஒன்றே என்பதும் இதனாற் போதரும். கீழ்நோக்கிச் சாலையிற் படிய வேண்டிய ஒளி, சிதறி மேல்நோக்கிச் சென்று பிறர் கண்ணைக் குத்துகின்றது. குமிழைப் பெரிதாக்கினால் சிதறும் ஒளியும் உடன் பெரிதாகுமேயன்றி வேறில்லை.

இனி, இம் மேற்றோல் எதனாலாயது என்பதைச் சிறிது காண்போம். பழைய மோட்டார் வண்டிகளின் முகவிளக்குகள் கண்ணாடியால் ஆனவை. 2014 வரை நம் நாட்டிற் செய்யப்பட்டு வந்த அம்பாசடர் வண்டியின் வட்ட விளக்கை நம்மிற் பலரும் கண்டிருப்போம். அக் கண்ணாடி உடையுமேயன்றி மஞ்சளாகாது. 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸ் என்பவரும் தனித்தனியே பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கைக் கண்டனர். அது கண்ணாடியைப்போல் ஒளியைப் புகவிடுவது. எடையிற் கண்ணாடியின் பாதியளவே உள்ளது. கல்லடி பட்டாலும் எளிதில் உடையாதது. வேண்டிய வளைவுகளில் வார்க்கத் தகுவது. அமெரிக்காவில் 1940 முதல் விதிகளால் ஒரே மாதிரியாக வரையறுக்கப்பட்டிருந்த மூடிய கண்ணாடி விளக்குகளின் இடத்தில், குமிழை மட்டும் மாற்றத்தக்க புதுவகை விளக்குகளுக்கு 1983-இல் இசைவு அளிக்கப்பட்டது. அதன்பின் பிளாஸ்டிக் முகவிளக்கு உலகெங்கும் பரவிற்று. எங்கள் திருவள்ளூர் மாவட்டமும் இவ்விளக்குத் தொழிலுக்குப் புறம்பானதன்று. லூகாஸ் – டி.வி.எஸ். நிறுவனமும் ஜப்பான் நாட்டுக் கொய்ட்டோ நிறுவனமும் கூடி 1996-இல் அமைத்த இந்தியா ஜப்பான் லைட்டிங் என்னும் தொழிற்சாலை, திருமழிசையை அடுத்த புதுச்சத்திரத்தில் மோட்டார் விளக்குகளைச் செய்து வருகிறது. அந்தக் கொய்ட்டோ நிறுவனமோ, 1915-இல் தோக்கியோவில் இரயில் அடையாள விளக்குகளுக்குரிய கண்ணாடி வில்லை விற்பனையோடு தொடங்கியதாகும்.

பாலிகார்பனேட்டுக்கு இத்தனை குணங்கள் இருந்தும் இரண்டு குற்றங்கள் உள. ஒன்று, அது மென்மையானது; மணலும் அழுக்குத் துணியும் அதனை எளிதிற் கீறும். மற்றொன்று, ஞாயிற்றின் ஒளியிற் கலந்துள்ள புறஊதாக் கதிர்களை அது தாங்காது. கண்ணுக்குப் புலனாகாத அக் கதிர்கள், சங்கிலிபோல் நீண்ட அதன் மூலக்கூறுகளை அறுக்கின்றன; அறுந்த இடங்களிற் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் சேர்ந்து புதிய பொருள்கள் தோன்றுகின்றன. அப் பொருள்கள் நீல ஒளியை விழுங்குவதால் விளக்கு மஞ்சளாகத் தோன்றுகிறது. பின்னர் அம் மேற்பரப்பு நொறுங்கும் தன்மை அடைந்து, நுண்ணிய வெடிப்புகள் விட்டு வெளுக்கின்றது. இக் குற்றங்கள் இரண்டையும் நன்கறிந்தே, தொழிற்சாலையில் ஒவ்வொரு விளக்கின்மேலும் கடினமான ஒளிபுகு பூச்சு ஒன்றைப் பூசி உலர்த்தி அனுப்புகின்றனர். அப் பூச்சு நம் தலைமயிர் ஒன்றின் பருமனிற் சிறு பங்கே உள்ளது. அதுவே விளக்கின் குடையும் கவசமும் ஆம். ஆண்டுகள் சில சென்றபின், வெயிலாலும் சாலைப் புழுதியாலும் அக் கவசம் தேய்ந்து உரியும்போதே விளக்கின் நோய் தொடங்குகிறது. தலைக்கு நேரே ஞாயிறு காயும் நம் நாட்டில், நிழலின்றி வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளுக்கு இஃது விரைந்து வருதல் வியப்பன்று.

இதனால் விளையும் இடர் எத்துணை என்பதைச் சிறு கணக்கினால் அறியலாம். அமெரிக்க மோட்டார்ச் சங்கமாகிய ஏ.ஏ.ஏ. 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நன்கு மங்கிய விளக்குகள் புதிய விளக்குகளின் ஒளியில் நூற்றுக்கு 20 பங்கு அளவே தந்தன. ஒளி, தொலைவின் வர்க்கத்திற்கு ஏற்பக் குறைவது இயற்கை. ஆகவே, ஒளி ஐந்தில் ஒரு பங்காகும்போது, அதே வெளிச்சம் சென்று படும் தொலைவு பாதிக்கும் சற்றுக் குறைவாகும். புதிய விளக்கில் 80 மீட்டர் தொலைவில் தெரிந்த ஆள், மங்கிய விளக்கில் ஏறக்குறைய 36 மீட்டர் அணுகிய பின்னரே தெரிவான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். ஆளைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி கழியுமாயின், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். மிதித்தபின் உலர்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 23 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 48 மீட்டர். தெரியும் தொலைவு 36. நிற்கும் தொலைவு 48. இடையே உள்ள 12 மீட்டரில்தான் மனிதர்கள் உயிரிழக்கின்றனர். எங்கள் முதியவர் தப்பியதற்குக் காரணம், கிளைச்சாலையில் வேன் மெல்லச் சென்றமையேயாம்.

நோய் மேற்றோலில் உள்ளது எனத் தெரிந்ததும், யாங்களும் பலரைப்போலவே எளிய வழியை நாடினோம். பற்பசையைத் துணியில் எடுத்து அரைமணி நேரம் தேய்த்தோம். விளக்கு பளபளத்தது, வீட்டிலுள்ளார் அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் தை பிறந்து வெயில் ஏறியதும் மீண்டும் மஞ்சள் படர்ந்தது. மாசியில் முன்னினும் மிகுதியாயிற்று. கவரைப்பேட்டையில் வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பெயிண்டர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, தோலை உரித்துவிட்டுச் சட்டை போடாமல் வெயிலில் நிறுத்தினால் என்ன ஆகும்? அதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள்" என்றார். இச் சொல்லே இக் கட்டுரையின் சாரம் எனலாம். பற்பசையில் உள்ள மெல்லிய சுண்ணப்பொடியோ மணற்பொடியோ பழுதுற்ற மேற்பரப்பைச் சிறிது தேய்த்து நீக்குவது உண்மையே. ஆனால் எஞ்சியிருந்த பழைய கவசத்தையும் அது உடன் நீக்குகிறது. புதியதொரு கவசத்தையோ தருவதில்லை. ஆகவே உரித்தல் பாதி வேலை, பூசுதலே மறுபாதி. பாதியோடு நின்றால் நோய் முன்னினும் விரைந்து மீளும்.

இதனினும் தீய வழிகளும் உள. கைப்பேசியிற் காட்டப்படும் படங்களிற் சிலர் கொசுவிரட்டி மருந்தையும், தின்னரையும், பெட்ரோலையும் பூசித் துடைக்கின்றனர். உடனே பளபளப்பது உண்மை. கொசுவிரட்டியில் உள்ள டீட் என்னும் பொருள் பாலிகார்பனேட்டின் மேற்பரப்பை இளக்கிக் கீறல்களை மறைப்பதாலேயே அப் பளபளப்பு உண்டாகிறது. அவ்வாறு இளகிய பரப்போ பின்னர் வலிமை குன்றும். தின்னரும் அசிட்டோனும் உள்ளே வெடிப்புகளை உண்டாக்கும். அவ் வெடிப்புகளுக்கு மருந்து இல்லை. இவற்றை விளக்கின் அருகே கொண்டுவாராமையே நன்று.

பங்குனியில், அப் பெயிண்டர் கூறிய முறைப்படி யானும் சிற்றப்பாவும் வீட்டு முற்றத்தில் மீண்டும் இவ்வேலையைச் செய்தோம். அதனைப் படிமுறையாக ஈண்டுத் தருகின்றேன்.

முதலாவது, நோய் எத்தகையது எனத் தெளிதல் வேண்டும். நீரூற்றித் தெளிந்தால் நோய் வெளிப்புறத்தது, வீட்டிலேயே தீர்க்கலாம். உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் விளக்கின் ஒட்டுவாய் விட்டிருக்கும், அல்லது காற்றுத்துளை அடைபட்டிருக்கும், தேய்ப்பதாற் பயனில்லை. உள்ளே ஒளியைத் திருப்பும் வெள்ளிப்பூச்சு கருகியிருந்தாலும், வில்லையினுள் வலைபோல் வெடிப்புகள் ஆழ்ந்திருந்தாலும் விளக்கையே மாற்றுதல் வேண்டும்.

இரண்டாவது, சோப்பு நீரால் விளக்கை நன்கு கழுவி, ஒரு மணல்கூட எஞ்சாமல் துடைத்தல் வேண்டும். பின்னர் விளக்கைச் சுற்றியுள்ள வண்ணப் பரப்பின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று சுற்று ஒட்டுக. இதனைச் சோம்பலால் விட்டவர் விளக்கைத் தெளிவித்து வண்டியின் வண்ணத்தைக் கெடுப்பர்.

மூன்றாவது, உப்புத்தாள் வேலை. இதற்குரியது மரவேலைக்குப் பயன்படும் தாளன்று. பட்டறைகளில் வாட்டர் பேப்பர் என வழங்கும், நீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாளாகும். அதன் எண் பெருகப் பெருக மணி நுண்ணிதாகும். மங்கல் மிகுதியாயின் 600 அல்லது 800 எண் தாளிலும், குறைவாயின் 1000 எண் தாளிலும் தொடங்குக. தாளை நீரிற் சிறிது நேரம் ஊறவைத்து, விளக்கின்மேல் நீரை இடையறாது ஊற்றிக்கொண்டே, மிகுதியாக அழுத்தாமற் கிடக்கையாகத் தேய்க்க. தொடக்கத்தில் மஞ்சள் கலந்த பால்போன்ற நீர் வழியும். அது பழைய பூச்சும் பழுதுற்ற தோலும் கரைந்து வருவதாம். வழியும் நீர் வெண்மையாகி, பரப்பெங்கும் ஒரே சீராக மங்கித் தோன்றும்வரை நிறுத்தலாகாது. சிலர் இவ்விடத்தில் விளக்கு முன்னினும் கெட்டுவிட்டதென்று அஞ்சிக் கைவிடுவர், யானும் அஞ்சினேன். இது கெடுதலன்று. திட்டுத் திட்டாகப் பழைய பூச்சு எஞ்சுவதே கெடுதலாம்.

நான்காவது, 1000, 1500, 2000, 3000 என ஒன்றன்பின் ஒன்றாக நுண்ணிய தாள்களுக்குச் செல்லுக. ஒவ்வொரு தாளும் முன்னைய தாளின் கீறலை அழித்தற்கே உரியது. ஆகவே, ஒருமுறை கிடக்கையாகத் தேய்த்தால் மறுமுறை நெடுக்கையாகத் தேய்க்க. முன்னைய கீறல்கள் முற்றும் மறைந்தனவா என்பது அதனால் எளிதிற் புலனாகும். ஒரு தாளை விட்டுத் தாவிச் சென்றால், பருமணியின் கீறல் இறுதிவரை நிற்கும். தாள் மாற்றும்போதெல்லாம் விளக்கைக் கழுவுதல் இன்றியமையாதது. இதன்பின் ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தால் விளக்கு கண்ணாடிபோல் தெளியும். இரு விளக்குக்கும் எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

ஐந்தாவதே தலையாயது, பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதுவே. தெளிந்த விளக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த தூய துணியால் துடைத்து, எண்ணெய்ப்பசை நீக்கி, நன்கு உலரவிட்டு, புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைப் பூசுதல் வேண்டும். இஃது இருவகைப்படும். துணியாலே மெல்லியதாகத் தடவும் வகை ஒன்று. இதனை எவரும் வீட்டிற் செய்யலாம். மற்றொன்று, பெயிண்டர்கள் தெளிக்கும் கிளியர் கோட்டு. இவற்றுள் இருபொருள் கலந்து தெளிப்பது மிக நீடித்து உழைப்பது. ஆனால் அதன் கலவையில் உள்ள ஐசோசயனேட் என்னும் பொருள் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்வது. ஆதலின் தக்க முகமூடியும் காற்றோட்டமும் உடைய பட்டறையில் அத் தொழில் அறிந்தாரைக்கொண்டே தெளிக்கச் செய்தல் வேண்டும், வீட்டில் முயலலாகாது. கிளியர் கோட்டுத் தெளிப்பதாயின் 1000 அல்லது 1500 எண் தாளோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்பு நீர் செய்ததைப் பின்பு அப் பூச்சு செய்யும். அஃதாவது, கீறல்களை நிரப்பித் தெளிவாக்கும். நீர் உலர்ந்து நீங்கியது. பூச்சோ உலர்ந்து நிலைக்கும். எங்கள் வேனுக்கு அப் பெயிண்டரே தம் பட்டறையில் தெளித்துக் கொடுத்தார்.

காலமும் இடமும் அறிந்து செய்தலும் இதற்கு வேண்டும். சுடுவெயிலிற் காய்ந்த விளக்கின்மேற் பூசினால் பூச்சு பரவுமுன்னே உலர்ந்து தடம் விழும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தின் ஈரக்காற்றிற் பூசினால் வெண்பனி பூத்தாற்போல் மங்கும். மழை நீங்கியபின், காலைப்பொழுதில், புழுதி எழாத நிழலிற் செய்தல் நலம். பூசியபின் ஒருநாள் நீர்படாமற் காத்தல் வேண்டும்.

இவ்வேலை எங்களுக்கு உண்மையிற் பயன்பட்டதோ என்பதை அறிய ஒரு சோதனையும் செய்தோம். தேய்ப்பதற்கு முந்திய இரவில், ஊர்ப்புறத்து வெற்று மைதானத்தில் வேனை நிறுத்திக் குறுங்கதிரை மட்டும் ஏற்றி, கருஞ்சட்டை அணிந்த யான் விளக்கிலிருந்து அடியெண்ணி நடந்தேன். முப்பத்துநான்காம் அடியில் "தெரியவில்லை" என்று சிற்றப்பா குரல் கொடுத்தார். பழைய 60/55 வாட்டுக் குமிழையே மீண்டும் பொருத்தியிருந்தோம். பூச்சு உலர்ந்தபின் அதே இடத்தில் அதே சட்டையோடு மீண்டும் நடந்தேன். அறுபத்தோராம் அடியிலேதான் அக் குரல் வந்தது. இஃது ஆய்வுச்சாலைக் கணக்கன்று. ஆயினும் அவ்விருபத்தேழு அடியின் பொருள் எங்கள் இருவர்க்கும் நன்கு விளங்கிற்று. சிற்றப்பா வேனை விட்டு இறங்கி வந்து, யான் நின்ற இடத்தில் நெடுநேரம் பேசாது நின்றார். பின்னர், "அந்தப் பெரியவர் இப்போது வந்தால் தெரிவார்" என்றார்.

எனினும் இம் முறையின் எல்லையையும் உணர்தல் வேண்டும். மேற்கூறிய ஏ.ஏ.ஏ. ஆய்வில், இவ்வாறு வீட்டிற் புதுக்கிய விளக்குகள் புதிய விளக்கின் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பங்கையே திரும்பப் பெற்றன. வண்டி செய்தவர் தரும் புதிய விளக்கே முழு ஒளியும் தந்தது. பொருள் உள்ளவர் மாற்றுதல் சிறப்பு. மாற்ற இயலாதார், நூற்றுக்கு இருபதோடு இரவில் ஓட்டுவதினும் எழுபதோடு ஓட்டுதல் எத்துணையோ மேலாம். எங்களுக்குத் தாளும் காம்பவுண்டும் பூச்சும் சேர்ந்து, புதிய விளக்கின் விலையிற் சிறு பங்கே ஆயிற்று.

செய்தபின் காத்தலும் வேண்டும். வெறுந்துணியாற் புழுதியைத் துடைக்காமல் நீரூற்றிக் கழுவுக. சில திங்களுக்கு ஒருமுறை மெழுகு தடவுக. நிழல் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்த நேர்ந்தால், அதன் முகத்தை வடக்கு நோக்கி நிறுத்துக. நம் நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி ஞாயிறு தென்வானிற் செல்வதால், விளக்குகளின்மேல் நேர்வெயில் குறையும். விளக்கைக் கழற்றி மாட்டியிருந்தால், ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, இரு கதிரும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுதல் கடமையாகும். தெளிந்த விளக்கு மேல்நோக்கியிருந்தால் அது பிறர்க்குத் துன்பமே.

பூச்சுப் பூசிப் பத்துத் திங்கள் கழிந்தன. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கண்டபின்னும் அவ்விளக்குகள் தெளிவாகவே உள்ளன. சிற்றப்பா இரவு வண்டியை விடவில்லை. அவரோடு தொழிற்பேட்டைக்கு ஓட்டும் தோழர் நால்வர் தம் வேன்களையும் கொண்டுவந்து நிறுத்தினமையால், சென்ற விடுமுறை நாட்களில் எங்கள் முற்றம் ஒரு சிறு பட்டறை ஆயிற்று. அவர்களுள் இருவர், தங்கள் கண் கெட்டுவிட்டதென்றே எண்ணியிருந்தவர்கள்.

மாணவ நண்பர்களே, நம் கல்லூரி வாயிலில் மாலைதோறும் எத்தனையோ வண்டிகள் வந்து நிற்கின்றன. நம் தந்தையரும் தமையன்மாரும் ஆசிரியப் பெருமக்களும் அவற்றில் இரவு வீடு திரும்புகின்றனர். இன்றே ஒரு குவளை நீரை எடுத்து, வீட்டிலுள்ள வண்டியின் முகவிளக்கின்மேல் ஊற்றிப் பாருங்கள். ஊற்றியபோது தெளிந்து உலர்ந்தபோது மூடுமாயின், வரும் விடுமுறையில் உங்களுக்கு இரண்டு மணி நேர வேலை காத்திருக்கிறது. அவ்வேலையைப் பூச்சோடு முடியுங்கள்; பற்பசையோடு நிறுத்திவிடாதீர்கள்.